விலை ஏறிய வருஷம் பிடுங்கிய காப்பி

2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அரபிகா காப்பி ஒரு பவுண்டு 4 டாலரைத் தாண்டியது. அதுவரை யாரும் பார்த்திராத விலை. அடுத்த மாதம், பங்குனி பிறந்து இரண்டே நாளில், எங்கள் தோட்டத்தில் மிச்சமிருந்த ஒரு ஏக்கர் காப்பியை அப்பா பிடுங்கிவிட்டார்.

அம்மாதான் போனில் சொன்னாள். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கெழுதுகிறேன். தினமும் காலையில் செல்போனில் காப்பி விலை பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. ஊரில் இருப்பவர்களைவிட ஊரை விட்டு வந்தவர்களிடம்தான் இந்தப் பழக்கம் அதிகம். உடனே அப்பாவைக் கூப்பிட்டுக் கத்தினேன். "இந்த விலைக்கு யாராவது புடுங்குவாங்களாப்பா?"

"விலை விழுந்தப்ப புடுங்கினா கோவத்துல புடுங்கின மாதிரி இருக்கும்டா. இப்பப் புடுங்கினாத்தான் யோசிச்சுப் புடுங்கினேன்னு எனக்கே நம்பிக்கை வரும்" என்றார்.

அன்றைக்கு அந்தப் பதில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அப்புறம் இரண்டு மூன்று முறை ஊருக்குப் போய், அவரோடு திண்ணையில் உட்கார்ந்து, பழைய கணக்கு நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தேன். அதிலிருந்து எனக்குப் பிடிபட்டதை இங்கே எழுதுகிறேன். கணக்கோடு கொஞ்சம் புலம்பலும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிக்கும் பண்ணைக்காட்டுக்கும் நடுவில். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறுகிற சுற்றுலா வண்டிகள், பண்ணைக்காட்டுக்குப் பிரிகிற சாலையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடும். கடல் மட்டத்திலிருந்து 1,300 மீட்டர் பக்கம் உயரம். அரபிகாவுக்கு இதைவிடத் தோதான இடம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. எங்களுக்கு 3 ஏக்கர். காப்பி வாரியத்தின் கணக்கில் 10 ஹெக்டேர் வரை வைத்திருப்பவர் சிறு விவசாயி, அதாவது கிட்டத்தட்ட 25 ஏக்கர். எங்கள் ஊரில் 25 ஏக்கர் வைத்திருப்பவரை எஸ்டேட்காரர் என்போம், அவர் வந்தால் எழுந்து நிற்போம்.

தாத்தா காலத்துத் தோட்டம் மாடி வீடு மாதிரி இருந்தது என்று அப்பா சொல்வார். மேல் மாடியில் பலாவும் சில்வர் ஓக்கும் காட்டு மரங்களும். அந்த மரங்களில் மிளகுக்கொடி. நடு மாடியில் கமலா ஆரஞ்சும் கல்யாண முருங்கையும் மலைவாழையும். கீழே, நிழலில், காப்பி. இதில் ராஜா காப்பி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நோட்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, குடும்பத்தை ஓட்டியது வாழை. தாத்தா வாழைத்தார் வெட்டி வத்தலக்குண்டுக்கு இறக்கிய தேதிகள் வரிசையாக இருக்கின்றன. வாரத்துக்கு ஒருமுறை, சில மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. அரிசி, சீனி, மண்ணெண்ணெய் எல்லாம் அதில்தான். விருப்பாச்சி வாழை என்று இப்போது பேர் சொல்கிறார்களே, பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகிற அந்த வாழை. காப்பி வருஷத்துக்கு ஒருமுறை பணம் கொடுக்கும். கல்யாணம், வீடு, காது குத்து, கடன் அடைப்பு ஆகியவை காப்பி இலாகா. சோறு வாழை இலாகா.

அப்புறம் வாழைக்கு முடிக்கொத்து நோய் வந்தது. அசுவினிப் பூச்சி பரப்புகிற வைரஸ். இலை நீளாமல் குட்டையாகி, நுனியில் கொத்தாகக் குவிந்து நிற்கும், தார் தள்ளாது. மருந்து கிடையாது, தூரோடு எடுத்து அழிக்க வேண்டியதுதான். 1970களிலும் 80களிலும் அது கீழ்ப்பழனி மலையையே வழித்துவிட்டது. ஆரஞ்சும் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போனது. மாடி வீட்டின் நடு மாடி காலி.

காப்பியை விவசாயிகள் ஏன் கைவிடுகிறார்கள் என்று எழுதுகிற யாரும் இதைச் சொல்லி நான் பார்த்ததில்லை. சிறு விவசாயி காப்பியைத் தனியாக வைத்துப் பிழைத்ததே இல்லை. பக்கத்தில் இன்னொன்று வாரச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தவரை காப்பிக்காகக் காத்திருக்க முடிந்தது. அந்த இன்னொன்று போன அன்றே காப்பியும் பாதி போய்விட்டது. எங்களுக்குத் தெரிவதற்குத்தான் நாற்பது வருஷம் ஆனது.

விலைக் கதைக்கு வருவோம். எங்கள் ஊர் வீடுகளின் வயதை பிரேசிலில் பனி விழுந்ததை வைத்துச் சொல்லலாம். 1975 ஜூலையில் பிரேசிலின் பரானா மாநிலத்தில் கடும் பனி விழுந்து காப்பித் தோட்டங்கள் கருகின. அடுத்த இரண்டு வருஷத்தில் உலக விலை எங்கோ போனது. தாத்தா ஓட்டு வீட்டைக் கட்டியது 1978ல். 1994ல் மறுபடி பனி, மறுபடி விலை. தெருவில் இருக்கிற தார்சு வீடுகளில் பாதிக்கு மேல் 1995க்கும் 1998க்கும் நடுவில் எழும்பியவை. பிரேசில் எங்கே இருக்கிறது என்று தெரியாத கிழவிகள்கூட "அங்க பனி விழுந்துச்சா?" என்று கேட்பார்கள். யாருக்கோ பயிர் கருகினால்தான் நமக்கு வீடு என்பது கொஞ்சம் கூச்சமான விஷயம்தான். அப்பா கூச்சப்பட மாட்டார். "நம்ம வாழை கருகினப்ப அவன் அழுதானா?" என்பார்.

தாத்தாவின் காலத்தில் காப்பியை இஷ்டம்போல் விற்க முடியாது. 1942ஆம் வருஷத்துச் சட்டப்படி எல்லோர் காப்பியையும் ஒன்றாகச் சேர்த்து விற்கிற வாரியத்தின் தொகுப்புக்குக் கொடுக்க வேண்டும். வாரியம் ஏலம் விட்டு, தரத்துக்கேற்பப் புள்ளி போட்டு, தவணை தவணையாகப் பணம் தரும். அதைத் திட்டியவர்கள் நிறையப் பேர். ஆனால் தாத்தாவுக்கு அது பிடித்திருந்தது என்று அப்பா சொல்கிறார். பணம் மொத்தமாக வந்தால் மொத்தமாகப் போய்விடும், தவணையாக வந்ததால் ஜூனில் பள்ளிக்கூடச் செலவுக்கு ஏதாவது மிஞ்சியிருக்கும்.

1989 ஜூலையில், நாடுகளுக்கு ஏற்றுமதிப் பங்கு பிரித்துக் கொடுத்து விலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த சர்வதேசக் காப்பி ஒப்பந்தத்தின் அந்த ஏற்பாடு உடைந்தது. சில மாதங்களில் உலக விலை பாதியானது. 1991ல் இந்தியக் காப்பியை நிறைய வாங்கிக்கொண்டிருந்த சோவியத் யூனியனே இல்லாமல் போனது. உள்நாட்டில் 1992 முதல் தொகுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, 1996ல் முழுக்கத் திறந்துவிட்டார்கள். திறந்த நேரம் விலை நன்றாக இருந்ததால் எல்லோருக்கும் சந்தோஷம். இதுதான் சுதந்திரம் என்று நினைத்து அப்பா ஒரு டிவிஎஸ் 50 வாங்கினார்.

2001ல் அரபிகா ஒரு பவுண்டு 50 சென்டுக்கும் கீழே போனது. வியட்நாம் பத்தே வருஷத்தில் உலகின் இரண்டாவது பெரிய காப்பி நாடாகியிருந்தது. பிரேசிலிலும் அமோக விளைச்சல். அந்த வருஷம் நான் எட்டாம் வகுப்பு. எங்கள் களத்தில் பார்ச்மென்ட், அதாவது பழத்தோல் நீக்கி, அலசிக் காயவைத்த, உமி நீக்காத காப்பிக்கொட்டை, மூட்டைகள் அடுக்கி வைத்தபடியே மாசக்கணக்கில் கிடந்தது நினைவிருக்கிறது. விலை ஏறும் என்று அப்பா வைத்திருந்தார். ஏறவில்லை. அதில் எலி குடும்பம் நடத்தியது.

அந்த வருஷம் அப்பா செய்த ஒரு காரியத்தைப் பற்றிப் பேசினால் இப்போதும் முகம் மாறிவிடும். சில்வர் ஓக்குகளை விற்றார். பிளைவுட்டுக்கு வாங்குகிறவர்கள் தோட்டத்துக்கே வந்து, மரத்தை எண்ணி, அனுமதிச் சீட்டு வேலையையும் அவர்களே பார்த்துக்கொண்டு, கையில் ரொக்கம் கொடுத்தார்கள். அக்காவின் கல்யாணம் அதில் நடந்தது. யாரும் தப்பு சொல்ல முடியாது. ஊரில் முக்கால்வாசிப் பேர் அதைத்தான் செய்தார்கள்.

மரம் போனதும் வெயில் உள்ளே வந்தது. வெயிலோடு தண்டு துளைப்பான் வந்தது.

வெள்ளைத் தண்டு துளைப்பான் என்பது ஒரு சின்ன வண்டு. அரபிகாதான் அதற்கு உயிர். கோடை மழை சமயத்தில் ஒரு தடவையும், ஐப்பசி கார்த்திகை வாக்கில் இன்னொரு தடவையும் கூட்டமாகப் பறக்கும். வெயில் படுகிற தண்டுதான் அதற்குப் பிடிக்கும். பட்டையின் வெடிப்பில் முட்டை வைத்துவிட்டுப் போகும். புழு தண்டுக்குள்ளே சுரங்கம் போட்டுக்கொண்டு போகும். வெளியே ஒன்றும் தெரியாது. தண்டில் மோதிரம் மாதிரி மேடு தட்டி, இலை பழுக்க ஆரம்பித்த பிறகுதான் நமக்கு விஷயம் தெரியும். அதற்குள் புழு வேர் வரைக்கும் போயிருக்கும். பிடுங்கி எரிப்பதைத் தவிர வழியில்லை. எரிக்காமல் வேலி ஓரத்தில் போட்டால் அதிலிருந்தே வண்டு கிளம்பி அடுத்த செடிக்குப் போகும். பட்டையைத் தேய்த்துவிடலாம், தண்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம், நிழலைக் கூட்டலாம். மூன்றுக்கும் ஆள் வேண்டும். மூன்றாவதுக்குப் பத்து வருஷமும் வேண்டும்.

அப்பா ஒவ்வொரு வருஷமும் எத்தனை செடி எரித்தார் என்று எழுதி வைத்திருக்கிறார். ஆரம்பத்தில் 20, 30. அப்புறம் 80. ஒரு வருஷம் 140. செடி எடுத்த இடம் சொட்டை. சொட்டையில் வெயில். பக்கத்துச் செடிக்கு அடுத்த வருஷம் துளைப்பான். விலை விழுந்ததால் மரத்தை விற்றோம், மரத்தை விற்றதால் பூச்சி வந்தது, பூச்சி வந்ததால் விலை ஏறியபோது விற்க எங்களிடம் காப்பி இல்லை. 2011ல் அரபிகா 3 டாலரைத் தொட்டது. அந்த முறை எங்கள் தெருவில் யாரும் வீடு கட்டவில்லை.

மறுபடி நடலாமே என்பீர்கள். நட்டோம், 300 செடி. மறுநடவுக்கு மானியம் உண்டு. நட்டுவிட்டு நாலு வருஷம் சோற்றுக்கு என்ன செய்வது என்பதற்கு மானியம் இல்லை. அரபிகா மூன்றாம் வருஷம் கண்ணில் காட்டும், முழு மகசூலுக்கு ஆறேழு வருஷம். விலை நன்றாக இருக்கிறது என்று நட்டால், காய்க்கும்போது விலை வேறு. இப்போது காப்பி நடுகிறவன் ஐந்து வருஷம் கழித்து பிரேசிலில் பனி விழுமா என்று இப்போதே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

மழையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், எல்லா விவசாயக் கட்டுரையிலும் மழைப் புலம்பல் உண்டு என்பதால். பங்குனி சித்திரையில் ஒரு அங்குலம் பூ மழை வேண்டும். பெய்த ஒன்பது பத்து நாளில் தோட்டமே வெள்ளையாகிவிடும், மல்லிகை மாதிரி வாசம். இரண்டு மூன்று வாரத்தில் அடுத்த மழை வந்தால் பிஞ்சு நிற்கும். இந்தக் கணக்கு தப்பி, அரைகுறையாக நாலு தடவை பெய்தால் நாலு தடவை பூக்கும். நாலு தடவை பூத்தால் பழமும் நாலு தவணையாகத்தான் பழுக்கும். மூன்று சுற்றில் எடுக்க வேண்டிய பழத்தை ஆறு சுற்றில் எடுக்க வேண்டும். இதை எழுதியதே கூலிக் கதைக்குப் போவதற்காகத்தான். எங்கள் பக்கம் பழம் பழுப்பதும் வடகிழக்குப் பருவமழையும் ஒரே சமயம் என்பது இன்னொரு தொல்லை. அலசிய பார்ச்மென்ட் களத்தில் காயாமல் நாற்றமடிக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது மிச்சமிருந்த சில்வர் ஓக்குகளும் காப்பி மேலேயே விழுந்தன. அது ஒரே ராத்திரி வேலை.

சரி, ஆள்.

காப்பிப் பழம் எடுக்க இயந்திரம் எங்கள் சரிவில் ஏறாது. ஒவ்வொரு பழமாகக் கையால் எடுக்க வேண்டும். காய் எடுத்தால் தரம் போச்சு, கனிந்ததை விட்டால் உதிர்ந்து போச்சு. கனத்த சுற்றில் பழகிய கை ஒரு நாளில் 40, 50 கிலோ எடுக்கும். முதல் சுற்றில் மரம் மரமாகத் தேடி அலைந்தால் 15 கிலோ தேறுவதே கஷ்டம். 15 கிலோ பழம் என்றால் 3 கிலோ பார்ச்மென்ட். 2019ல் பார்ச்மென்ட் கிலோ 200 ரூபாய் பக்கம் போனது. 600 ரூபாய்க்கான பழத்தை எடுக்கக் கூலி, ஜீப் வாடகை, டீ, வடை எல்லாம் சேர்த்து 500 ரூபாய். மிச்ச 100 ரூபாயில் உரம், களை, கவாத்து, பழத்தோல் உரிக்கிற பல்பர் மெஷினுக்கு எண்ணெய்.

அந்தக் கூலிக்கும் ஆள் இல்லை என்பதுதான் விஷயம். தாத்தா காலத்தில் மலையடிவாரத்திலிருந்தும், மலையிலேயே இருந்த பளியர் குடிகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்கு அன்றைக்குக் கொடுத்த கூலியை நோட்டில் பார்த்தால், காப்பி லாபமாக இருந்ததற்கு ஒரு காரணம் அதுதான் என்று புரியும். அதைப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. இப்போது அடிவாரத்து ஊர்களுக்கே மில் வேன் வந்து பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறது. வருஷம் முழுக்கச் சம்பளம், பிஎஃப். ஊரிலேயே நூறு நாள் வேலை. பாம்பும் அட்டையும் உள்ள சரிவில், மழையில் நனைந்துகொண்டு, வருஷத்தில் பத்து வாரம் மட்டும் கிடைக்கிற வேலைக்கு எதற்கு வரவேண்டும்? பெரிய எஸ்டேட்டுகள் அஸ்ஸாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஆள் கூட்டி வந்து லயன் வீட்டில் தங்கவைக்கின்றன. 3 ஏக்கர்காரன் நாலு பேரைப் பன்னிரண்டு நாள் தங்கவைக்க எங்கே போவான்?

போனில் கத்திய அன்று நான் இதையெல்லாம் கேட்காமல் விலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். அப்பா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "சரிடா. வர்ற கார்த்திகைல பழம் எடுக்க நீ வருவியா?" என்றார். கோபமே இல்லை, நிஜமாகவே கேட்டார். கார்த்திகையில் எங்களுக்குக் கிறிஸ்துமஸ் ஆர்டர் முடிந்து பில் வசூல் நடக்கும். லீவு கிடையாது. அதைச் சொன்னேன். "அவ்ளோதான்" என்றார்.

நானும் அக்காவும் படித்தது காப்பியில். எங்களைப் படிக்கவைத்தபோதே தோட்டத்திலிருந்து நாலு கைகளை அவர் எடுத்துவிட்டார். சிறு விவசாயியின் காப்பியில் வீட்டு ஆட்கள் எடுக்கிற பழத்துக்குக் கணக்கு எழுதும் பழக்கமே இல்லை. அம்மா இருபது வருஷம் எடுத்த பழம் எந்த நோட்டிலும் செலவாக வரவில்லை. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, அவளுக்கும் எங்களுக்கும் ஊர்க் கூலி போட்டு நோட்டைத் திருப்பி எழுதிப் பார்த்தேன். பிரேசில் பனி வருஷங்களைத் தவிர ஒன்றுகூட லாபத்தில் இல்லை. இத்தனை வருஷமும் நாங்கள் விற்றது காப்பி என்று நினைத்திருந்தோம். பெரும்பாலும் அம்மாவின் முதுகைத்தான் விற்றிருக்கிறோம்.

கடைசி ஒரு ஏக்கரின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2025 ஜனவரி வரை எடுத்தது 110 கிலோ பார்ச்மென்ட். சொட்டை விழுந்த தோட்டம், அவ்வளவுதான் வரும். அப்பா கிலோ 510 ரூபாய்க்குப் போட்டார். 56,100 ரூபாய். செலவு 27,000 போக மிச்சம் 29,100. அவர் பார்த்ததிலேயே பெரிய விலைக்கு, ஒரு வருஷம் முழுக்க ஒரு ஏக்கரைக் காத்துக் கிடந்ததற்கு 29,100. அம்மா முழங்கால் வலியோடு எடுத்த பழம் இதிலும் செலவில் சேரவில்லை. விலை பாதியானால் என்ன ஆகும் என்று அவர் யோசித்திருக்கிறார். "உச்சத்துல நின்னு பார்த்தாத்தான்டா பள்ளம் தெரியுது" என்றார்.

இடையில் சிறப்புக் காப்பி செய்யச் சொல்லி அறிவுரை சொன்னவர்களும் உண்டு. நல்ல மனிதர்கள்தான். கனிந்த பழம் மட்டும் எடு, கம்பி வலைப் பந்தலில் காயவை, நிழலில் திருப்பு, சாம்பிள் அனுப்பு, இரட்டை விலை கிடைக்கும் என்றார்கள். எல்லாம் உண்மை. அப்பாவும் ஒரு வருஷம் செய்தார். சாம்பிள் பிடித்திருக்கிறது, 500 கிலோ அனுப்புங்கள் என்று பதில் வந்தது. எங்களிடம் இருந்தது 70 கிலோ. பெங்களூரில் அந்த மாதிரிக் கடையில் ஒருமுறை 280 ரூபாய் கொடுத்து ஒரு கப் குடித்தேன். புளிப்பாக இருந்தது. எங்கள் வீட்டில் அந்த ருசிக்கு, பழத்தை ஒரு நாள் அதிகமாகப் புளிக்கவைத்துவிட்டதாக அம்மா திட்டு வாங்கியிருப்பாள்.

காட்டுமாடு பற்றிச் சொல்லவில்லை என்றால் ஊரில் கோபித்துக்கொள்வார்கள். அது காப்பியைத் தின்பதைவிட மிதிப்பது அதிகம். ஆயிரம் கிலோ மிருகம் சரிவில் நடந்து போனால் அதன் வழியில் எந்தக் கிளையும் மிஞ்சாது. இரவில் காவல் இருந்த பெரியப்பா இப்போது இல்லை. அவர் பிள்ளைகள் ஓசூரில்.

இது எங்களுக்கு மட்டும் நடக்கிற கதையில்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். நம் விலையைக் கவிழ்த்த வியட்நாமின் மேட்டு நிலத்திலேயே, சீனாவுக்கு ஏற்றுமதி ஆகிறதென்று காப்பியை எடுத்துவிட்டு டுரியன் வைத்திருக்கிறார்கள். எத்தியோப்பியாவில் ஹரார் பக்கம், உலகப் புகழ் காப்பி விளைந்த மண்ணில், மென்று துப்புகிற சாட் இலை. வருஷத்துக்குப் பல தடவை ஒடித்து விற்கலாம், அன்றன்றைக்குக் காசு. கென்யாவில் நைரோபியை ஒட்டிய கியாம்புவில் காப்பித் தோட்டம் வீட்டு மனையாகிறது, தள்ளியிருக்கிற மலைகளில் அவகாடோ என்கிற பட்டர் ஃப்ரூட்டும் மக்கடாமியாக் கொட்டையும். 1869ல் இலங்கையில் இலைத் துரு நோய் வந்து காப்பி அழிந்தபோது துரைமார் தேயிலைக்கு மாறினார்கள். காப்பிக்காகப் பழம் எடுக்கும் பருவத்தில் கால்நடையாகப் போய்வந்துகொண்டிருந்த நம் ஆட்கள், தேயிலை வருஷம் முழுக்க வேலை கேட்டதால் அங்கேயே தங்கிவிட்டார்கள். ஒரு பயிர் எத்தனை நாளுக்கு ஒருமுறை கையைக் கேட்கிறது, எத்தனை நாளுக்கு ஒருமுறை காசைக் கொடுக்கிறது என்பதை வைத்து ஊர்களே இடம் மாறியிருக்கின்றன.

இப்போது எங்கள் மூன்று ஏக்கரிலும் பட்டர் ஃப்ரூட். இரண்டு ஏக்கரில் 2021லேயே வைத்தது, காய்க்கத் தொடங்கிவிட்டது. கடைசி ஏக்கரில் இப்போதுதான் குழி. தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையம் எங்களுக்குப் பக்கம், டிகேடி 1 என்று அவர்களே ஒரு ரகம் வெளியிட்டிருக்கிறார்கள். அப்பாவுக்கு அதில் மிகவும் பிடித்த விஷயம், வியாபாரி தன் ஆட்களோடு வந்து, மரத்தில் ஏறிப் பறித்து, சாலையிலேயே எடை போட்டுக் காசு கொடுத்துவிட்டுப் போவது. பல்பர் இல்லை, தொட்டியில் புளிக்கவைத்து அலசும் வேலை இல்லை, களத்தில் மழைக்கு ஓடி ஓடித் தார்ப்பாய் மூடுவதும் இல்லை. அம்மா கட்டிலில் உட்கார்ந்தபடி எடையை எழுதிக்கொள்கிறாள்.

எனக்குச் சந்தேகம் இருக்கிறது. கொடைக்கானல் மலை முழுக்க எல்லோரும் இதையே வைக்கிறார்கள். நகரத்தில் ரொட்டி மேல் தடவித் தின்கிற பழக்கம் எத்தனை வருஷம் இதே வேகத்தில் வளரும் என்று தெரியாது. வேரழுகல் வந்தால் மரம் மரமாகப் போகும். காப்பிக்குக் கீழே எப்போதும் சருகு மெத்தை இருக்கும், கோடையிலும் மண் கையில் ஒட்டும். போன சித்திரையில் புதுத் தோட்டத்தில் கையை விட்டுப் பார்த்தேன், தூசி பறந்தது. இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். பட்டர் ஃப்ரூட் விலையும் ஒரு நாள் விழும் என்றேன்.

"விழட்டும். விழுந்தா மரத்துலயே விட்டுடுவேன். காப்பியை அப்படி விட முடியுமா? விட்டா துளைப்பான் பெருகிப் பக்கத்துத் தோட்டத்துக்காரன் சண்டைக்கு வருவான்."

போன நவம்பரில் நான் ஊரில் இருந்தபோது அப்பாவுக்கு ஒரு போன் வந்தது. அடிவாரத்தில் முப்பது வருஷமாக எங்கள் காப்பியை வாங்கிய வியாபாரி. அத்தனை வருஷத்தில் அவர் எங்களைக் கூப்பிட்டதே கிடையாது. அப்பாதான் மூட்டையோடு போய், கடை வாசலில் நின்று, ஈரம் அதிகம், கல் இருக்கிறது, கறுப்பு இருக்கிறது என்று அவர் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டு வருவார். ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, நல்லா இருக்கீங்களா? காப்பி எவ்வளவு இருக்கு? நானே வண்டி அனுப்பிடறேன். விலை நீங்க சொல்றதுதான்."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு பல்பர் கிடக்கிற கொட்டகையைப் பார்த்தார். அதன் மேல் அம்மாவின் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"காப்பி இல்ல தம்பி. வீட்டுக்கே இந்த வருஷம் வத்தலக்குண்டுலதான் பொடி வாங்குறோம்" என்றார். "உங்க கடையிலதான்."